சத்தம் போட ஒரு வீடு

மூன்று நாட்களாக ரூசே நகரத்தில் வெயிலே இல்லை. டான்யூப் ஆற்றிலிருந்து எழுந்து வந்த மூடுபனி தெருத்தெருவாகப் புகுந்தது. மரங்கள், கடைகள், மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலி பஸ்கள் என்று ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசியில் நெவெனாவின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

நான்காம் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் பள்ளிக்கூடம்கூடத் தெரியவில்லை.

"அக்கா! பள்ளிக்கூடம் காணாமப் போயிடுச்சு!" என்று கத்தினான் அவள் தம்பி காலோயன்.

"ஷ்ஷ்ஷ்!" என்று படுக்கையறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஷ்ஷ்!" என்றாள் நெவெனாவும்.

காலோயனுக்கு நாலரை வயது. ஆனால் அவன் தொண்டைக்கு மட்டும் நாற்பது வயது என்று அப்பா சொல்வார். அவன் வேண்டுமென்று கத்துவதில்லை. மெதுவாகத்தான் தொடங்குவான். பாதி வழியில் சத்தம் தானாக வளர்ந்துவிடும். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தங்கை எலிட்சா பிறந்த பிறகுதான் தெரிந்தது.

எலிட்சா பிறந்து இருபத்தைந்து நாட்கள் ஆகின்றன. உள்ளங்கை அளவு முகம். அதில் பாதி வாய். தூங்கினால் பத்து நிமிடம். பிறகு ஒரு மணி நேரம் அழுகை. அதனால் வீட்டில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. தொலைக்காட்சி கிடையாது, ரேடியோ கிடையாது. அழைப்பு மணியின் வயரை அப்பா பிடுங்கிவிட்டார். சாப்பிடும்போது எல்லாரும் கையால்தான் பேசினார்கள். ஒருநாள் அப்பா சூப்புக்கு உப்பு வேண்டும் என்று விரல்களை ஆட்டினார். அம்மா சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள். அப்பா அதையே போட்டு, சத்தமில்லாமல் குடித்து முடித்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அப்பா டிராலி பஸ் ஓட்டப் போயிருந்தார். நெவெனா மேசையில் ஆற்றின் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா இரண்டு இரவுகளாகக் கண் மூடவில்லை. அப்போதுதான் எலிட்சாவின் மூச்சு சீராக ஆரம்பித்திருந்தது. அம்மாவின் தலையும் மெல்லத் தலையணையில் சாய்ந்தது.

காலோயன் ஜன்னலை விட்டு நகரவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பனியையே பார்த்திருந்தான். ஒரு நிமிடம் பனி கொஞ்சம் விலகியது. பள்ளிக்கூடத்தின் கூரை எட்டிப் பார்த்தது.

"திரும்பி வந்துடுச்சு! அக்கா, பள்ளிக்கூடம் திரும்பி வந்துடுச்சூ!"

எலிட்சா வீறிட்டாள்.

அம்மா எழுந்து கூடத்துக்கு வந்தாள். தலைமுடி ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது. அவள் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன. பிறகு திரும்பி அறைக்குள் போனாள்.

அம்மாவை அப்படிப் பார்த்ததும் நெவெனாவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. காலோயனின் காதருகே குனிந்தாள்.

"நீ மட்டும் இல்லன்னா இந்த வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா?"

காலோயன் ஜன்னலிலிருந்து திரும்பினான். அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு ஜன்னலருகே இருந்த முக்காலியைத் தூக்கி, சத்தம் வராமல், அதன் இடத்தில் வைத்தான்.

நெவெனா மறுபடி பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எலிட்சாவின் அழுகை ஓய்ந்தது. அம்மாவின் தாலாட்டும் ஓய்ந்தது. இருவரும் தூங்கிவிட்டார்கள். வீடு அப்படியே அடங்கிப்போனது. ஆற்றில் ஒரு படகு, படகில் ஒரு கொடி, கொடிக்கு நிறம். நெவெனாவுக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது.

பிறகுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். இவ்வளவு அமைதியா?

முக்காலியில் காலோயன் இல்லை. சமையலறையில் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. அவனுடைய கட்டிலில் அவனும் இல்லை, தலையணையும் இல்லை. வாசலுக்கு ஓடினாள். செருப்பு அடுக்கில் அவனுடைய பூட்ஸ் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஆனால் தாழ் விழவில்லை.

நெவெனா கூடத்துக்குத் திரும்பி ஓடினாள்.

அம்மாவை எழுப்பலாமா? அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா ஒரு கையைக் குழந்தைமேல் வைத்தபடி, நேற்று போட்ட ஸ்வெட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தாள். 'முதலில் படிக்கட்டில் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் உடனே எழுப்பிவிடுகிறேன்' என்று நினைத்தாள். படம் வரைந்த தாளின் ஓரத்தைக் கிழித்து, 'காலோவும் நானும் படிக்கட்டில் இருக்கிறோம்' என்று எழுதி, கதவின் உள்பக்கம் செருகினாள். அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் பதினான்கு மாடிகள். நெவெனா கைப்பிடிக் கம்பியின்மேல் குனிந்து கீழே பார்த்தாள். தெருக்கதவு வழியாகப் பனி உள்ளேயே வந்திருந்தது. கடைசிப் படிகள் தெரியவில்லை. அவன் கீழே போயிருந்தால்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

மேலே, எங்கோ தொலைவில், ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நாலு... அஞ்சு... ஆறு... எட்டு... ஒம்பது..."

நெவெனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உலகத்தில் ஏழு இல்லாமல் எண்ணுகிறவன் ஒருவன்தான்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஆறாம் மாடிக்கு மேலே அவனைப் பிடித்துவிட்டாள். பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான். கம்பளித் தொப்பியின் பின்பக்கம் நெற்றிக்கு வந்திருந்தது. ஒரு அக்குளில் தலையணை. மறு கையில் மிளகாய்ச் சாந்து தடவிய பாதி ரொட்டி. இதுவரை தானாக ஒரு பொத்தானைக்கூடப் போட்டதில்லை அவன். இன்று கோட்டில் எல்லாப் பொத்தான்களும் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை தள்ளி.

"எங்கடா போற?"

"வீடு மாறறேன்."

"எந்த வீட்டுக்கு?"

"சத்தம் போடலாம்னு சொல்ற வீட்டுக்கு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். பத்து நொடி வேலை. ஆனால் அந்தப் பொத்தான்களைப் பார்த்ததும் நெவெனாவுக்கு இழுக்க மனம் வரவில்லை.

"தலையணை கனமா இருக்கா? நான் தூக்கிட்டு வரட்டுமா?"

காலோயன் யோசித்தான். "நீயும் வீடு மாறறியா?"

"நான் வீடு பாக்க வரேன். நல்ல வீடான்னு பாத்து சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

"சரி. ஆனா நீ ஷ்ஷ் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

தலையணையை அவளிடம் கொடுத்தான். ஏழாம் மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காலோயனின் முகம் மலர்ந்தது. ரொட்டிக் கையாலேயே கதவைத் தட்டினான்.

பாட்டு வாத்தியார் ஜிவ்கா அத்தை திறந்தார். அக்கார்டியன் அவர் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, உங்க வீட்ல சத்தம் போடலாமா?"

"ஓ, தாராளமா! உள்ள வா. ஆனா தாளத்தோட போடணும். நம்ம நாட்டியத்துக்கு ஏழு தட்டு. எங்க, ஏழு வரைக்கும் எண்ணு பாப்போம்?"

காலோயன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"வேணாம் அத்தை. நாங்க இன்னும் ரெண்டு மூணு வீடு பாத்துட்டு வரோம்" என்றாள் நெவெனா.

கதவு மூடியதும் காலோயன் அவள் சட்டையை இழுத்தான். "அது வீடு இல்லக்கா. அது பள்ளிக்கூடம்."

ஒன்பதாம் மாடி தாண்டியபோது படிக்கட்டெல்லாம் வெண்ணிலா வாசனை. பத்தாம் மாடியில் பர்வான் மாமா, தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தார். இடுப்பில் ஏப்ரன், மீசையில் மாவு. உதட்டின்மேல் விரல்.

"மெதுவா, மெதுவா! அடுப்புல கேக் இருக்கு. ஒரு சத்தம் வந்தாலும் நடுவுல பொசுக்குன்னு உக்காந்துடும்."

"கேக்குமா தூங்குது?" என்று சோகமாகக் கேட்டான் காலோயன்.

"இப்போதான் கண்ண மூடிச்சு" என்றார் மாமா சிரிக்காமல். "வெந்து எந்திரிச்சதும் வா. என்ன வேணா கத்து."

பதினோராம் மாடியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. காலோயன் ஒரு படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். படிக்கட்டின் ஜன்னலில் சாம்பல் நிறப் பனி அசையாமல் நின்றது.

"மேல யாரு இருக்கா?"

"தெரியல. போய்ப் பாப்போமா?"

பன்னிரண்டாம் மாடியில் பனியின் நிறம் மாறியது. சாம்பல் பாலானது. பதின்மூன்றில் பாலில் யாரோ தேன் கலந்தது போல மஞ்சள் ஊறியது. சுவரில் அவர்களுடைய நிழல்கள் முதலில் மங்கலாக விழுந்தன. பிறகு தெளிவாக விழுந்தன. மூன்று நாட்களாக அவர்கள் தங்கள் நிழலையே பார்க்கவில்லை. காலோயன் நின்று, தன் நிழலுக்குக் கையை ஆட்டினான். அதுவும் ஆட்டியது.

பதினான்காம் மாடியில் வீடுகள் இல்லை. மொட்டைமாடிக்குப் போகும் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

நெவெனா தலையணையை ஜன்னல் திட்டின்மேல் போட்டு, அதன்மேல் காலோயனை ஏற்றி நிறுத்தி, இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே ரூசே நகரம் இல்லை. வெள்ளைக் கடல் இருந்தது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பஞ்சு அலைகள். அவற்றின்மேல் சாயங்கால வெயில் படுத்திருந்தது. தூரத்தில் உயரமான கட்டடங்களின் தலைகள் மட்டும் தீவுகள் போல நீட்டிக்கொண்டிருந்தன. துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கழுத்து, தண்ணீர் குடிக்கக் குனியும் பறவை போல, அலைக்கு மேலே வளைந்திருந்தது. ஆறு இருக்கும் இடத்தில் மட்டும் கடல் கொஞ்சம் குழிந்து, நீலமாகத் தெரிந்தது.

காலோயன் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்தான்.

அடியிலிருந்து, மிக ஆழத்திலிருந்து, டிராலி பஸ்ஸின் மணி ஒன்று கேட்டது.

"அப்பா பஸ்ஸா?" என்று காலோயன் கேட்டான்.

"இருக்கலாம்."

"அப்பா கடலுக்கு அடியில ஓட்டறாரு. மீனெல்லாம் ஏறி எறங்குது."

"டிக்கெட் எடுக்குமா மீனு?"

"சின்ன மீனுக்கு வேணாம்" என்றான் காலோயன்.

ஒரு தீவின் உச்சியில் ஏதோ அசைந்தது. அங்கே பால்கனியில் ஒரு பெண் கம்பளத்தைத் தூசி போகப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். பிரம்பு கம்பளத்தில் பட்டது. சத்தம் வரவில்லை. பிரம்பு மறுபடி மேலே போன பிறகுதான் 'டப்' என்று கேட்டது. அவள் கை ஒரு இடத்தில் இருந்தது, சத்தம் இன்னொரு இடத்தில் மிதந்து வந்தது.

"சத்தம் நடந்து வருது" என்றான் காலோயன் வியப்போடு. "பனிமேல நடந்து வருது!"

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நெவெனா தலையசைத்தாள்.

"கத்து. இங்க யாரும் தூங்கல."

காலோயன் கம்பிகளைப் பிடித்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். இருபத்தைந்து நாட்களாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை சத்தத்தையும் ஒரே மூச்சில் விட்டான்.

"நான்... காலோயன்... இங்க இருக்கேஏஏஏன்!"

அந்தக் குரல் அலைகளின்மேல் உருண்டு உருண்டு போனது. தொலைவில் பிரம்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். இங்கும் அங்கும் பார்த்தாள். பிறகு பிரம்பை உயரத் தூக்கி ஆட்டினாள். ஒரு நொடி கழித்து அவள் குரலும் நடந்து வந்து சேர்ந்தது.

"தெரியுதூஊஊ!"

காலோயன் சிரித்த சிரிப்பில் நெவெனாவின் கைகள் குலுங்கின.

சிரித்து ஓய்ந்ததும் அவன் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். கடல் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தது.

"காலோ."

"ம்."

"நீ இல்லன்னா வீடு நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்ல..."

"ம்."

"நீ போனப்புறம் வீடு அமைதியாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

பொய் ஒன்று வாய் வரை வந்தது. ஆனால் அவன் அவ்வளவு அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு. நீ இல்லன்னு தெரிஞ்சதும் பயமா ஆயிடுச்சு. எனக்கு அந்த மாதிரி அமைதி வேணாம்."

காலோயன் மூக்கை உறிஞ்சினான். "நான் திரும்பி வந்தா மறுபடியும் கத்துவேனே. எனக்கே தெரியாம வந்துடுதுக்கா. வாய மூடினா மூக்கு வழியா வருது."

"தெரியும்."

"அப்போ என்ன பண்றது?"

"தெரியலடா. யோசிப்போம்" என்றாள் நெவெனா. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

காலோயன் மறுபடி கடலைப் பார்த்தான். திடீரென்று அவன் புருவம் சுருங்கியது.

"எலிட்சாவுக்கு இது தெரியாது."

"எது?"

"மேல வெயில் இருக்குன்னு. அவ பொறந்ததுலேர்ந்து வெளியவே வரலையே. உலகமே சாம்பல் கலர்னு நெனச்சுக்கிட்டு இருப்பா. யாருமே அவகிட்ட சொல்லல."

அப்போது படிக்கட்டின் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் மேலேறி வந்தது. மெல்லிய, நீளமான அழுகை. அதோடு அம்மாவின் குரல்.

"நெவெனா! காலோ!"

"எலிட்சா அழறா" என்றான் காலோயன். "பசிச்சு அழல. சும்மா அழறா. பசிச்சா வேற மாதிரி அழுவா." அவன் ஏற்கெனவே தலையணையிலிருந்து இறங்கிவிட்டிருந்தான்.

பதினான்காம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு அவர்கள் இறங்கிய வேகத்தில் பர்வான் மாமாவின் கேக் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அம்மா வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. ஒரு கையில் எலிட்சா, மறு கையில் நெவெனாவின் சீட்டு.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"வீடு மாறப் போனேம்மா" என்றான் காலோயன் மூச்சு வாங்க. "ஒரு வீடும் சரியில்ல."

அம்மா தரையிலேயே மண்டியிட்டு அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட எலிட்சா இன்னும் பலமாக அழுதாள். காலோயன் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தான். அவனுக்குக் காத்திருக்க முடியவில்லை.

"எலிட்சா! மேல வெயில் இருக்கூ! நெஜமா! நான் பாத்தேன்! ஒரு பெரிய வெள்ளக் கடல் இருக்கு! அதுக்கு அடியிலதான் நாம இருக்கோம்!"

அம்மாவின் உதடுகள் 'ஷ்' என்று குவிந்தன. நெவெனா சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இரு. அவளப் பாரு."

எலிட்சா அழவில்லை. கண்களை அகல விரித்து, நெற்றியைச் சுருக்கி, காலோயன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். அவள் உதடு பிதுங்கியது. மறுபடி தொடங்கினான். உதடு அடங்கியது.

நெவெனா இன்னொரு முறையும் அதைக் கவனித்தாள். நிறுத்தினால் பிதுக்கம். பேசினால் அமைதி.

"அம்மா, இவ உன் வயித்துக்குள்ள இருந்தப்போ நம்ம வீடு எப்படி இருந்துச்சு?"

அம்மா நினைத்துப் பார்த்தாள். "எப்படி இருந்துச்சு... ரேடியோ ஓடும். அப்பா பாடுவாரு. இவன் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அதான்மா. அவ வெளிய வந்ததும் நாம எல்லாத்தையும் நிறுத்திட்டோம். இது யார் வீடுன்னே அவளுக்குப் புரியல போல. அந்த அமைதிக்கு நடுவுல திடீர்னு ஒரு சத்தம் வந்தா பயந்துடறா."

அம்மா நெவெனாவையே பார்த்தாள். பிறகு காலோயனைப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் தோள்கள் குலுங்கக் குலுங்க. அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டே நாளாகிவிட்டது.

"சொல்லுடா தங்கம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிறுத்தாம சொல்லு. கடல்ல அப்புறம் என்ன இருந்துச்சு?"

காலோயன் சொன்னான். பெரிய கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழுத் தொண்டையில் சொன்னான். முதல் முறை சொன்னபோது எலிட்சாவின் இமைகள் கனத்தன. இரண்டாம் முறையில் மூடிக்கொண்டன. மூன்றாம் முறை பாதியில் அம்மாவும் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். நெவெனா ரேடியோவையும் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து இருவருக்கும் போர்த்தினாள்.

இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். மீசையில் பனித்துளிகள். கழற்றிய ஷூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, அறை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே காலோயனின் குரல். இந்த நான்காம் முறையில் கம்பளக்காரம்மா பெரிய பிரம்பால் மேகத்தையே அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது?" என்று அப்பா கிசுகிசுத்தார். "கொழந்த முழிச்சுக்கப் போகுது!"

"நிறுத்தச் சொல்லாதீங்கப்பா" என்றாள் நெவெனா. அவள் கிசுகிசுக்கவில்லை. "நிறுத்தினாத்தான் முழிச்சுக்குவா."

அப்பா எலிட்சாவைப் பார்த்தார். தூங்கும் அம்மாவைப் பார்த்தார். கையில் இருந்த ஷூக்களைப் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒன்றாகத் தரையில் போட்டார்.

தொப்!

ஒருவரும் அசையவில்லை.